எந்தக் கிழமை இருமல் அதிகம்? கிராமத்துக்குப் போகும் இளம் டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளே,

மதுரை மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்து, உசிலம்பட்டி, பேரையூர், மேலூர்ப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் போகப் போகிறீர்கள். அதற்கு முன் எங்கள் ஊர் டாக்டரைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும். திருமங்கலத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். அவரும் உங்கள் கல்லூரிதான். இப்போது இல்லை.

என் அப்பா நூல் மில்லில் ப்ளோ ரூமில் இருந்தார். பஞ்சுப் பொதியை உடைத்துப் பிரிக்கிற இடம். தூசி அங்கே அதிகம். வீட்டுக்கு வரும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். இருமலுக்குப் பார்க்காத வைத்தியம் இல்லை. ஒரு இடத்தில் காசநோய் என்று சொல்லி மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். எங்கள் டாக்டர்தான், "எந்தக் கிழமை ஜாஸ்தியா இருக்கு?" என்று கேட்டார். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "திங்கக்கிழமைங்கய்யா. ஞாயித்துக்கிழமை லீவுல நல்லாத்தான் இருக்கேன்" என்றார்.

அதிலேயே நோய் பிடிபட்டுவிட்டது. பிசினோசிஸ். லீவு முடிந்து மறுபடி பஞ்சுத் தூசிக்குள் போகிற முதல் நாள் நெஞ்சு இறுகும். வருஷம் போகப் போக வாரம் முழுக்க இறுகும். முற்றிவிட்டால் நுரையீரல் பழையபடி ஆகாது.

அப்புறம் வருகிறவர்களை எல்லாம் அதே கேள்வி கேட்டு, ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினார்: எந்த டிபார்ட்மெண்ட், எத்தனை வருஷம், எந்தக் கிழமை. நோட்டோடு மில்லுக்குப் போனவரை வாசலோடு அனுப்பிவிட்டார்கள். நேரே சங்கக் கொட்டகைக்குப் போனார். கொஞ்ச நாளில் கட்சியிலும் சேர்ந்தார். ஒன்றியக் கவுன்சிலருக்கு நின்று தோற்றார். "நல்ல டாக்டரு, அரசியல்ல போயி கெட்டுட்டாரே" என்று ஊரில் பேசினார்கள். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டால் இன்றைக்கும் கோபம் வரும். மாத்திரையால் தூசியை நிறுத்த முடியாது என்று தெரிந்த டாக்டர் வேறு எங்கே போவார்?

அவர் கிளினிக்கில் முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் கனடா டாக்டர் நார்மன் பெத்யூன் படம் இருக்கும். காசநோய் வந்து பிழைத்தவர் பெத்யூன். ஏழைக்கு அதே நோய் வந்தால், தேறினாலும் பழைய வறுமைக்கே திரும்பி மறுபடி படுக்கிறான் என்று கண்டவர். 1935-இல் கம்யூனிஸ்ட் ஆனார். ஸ்பெயினில் போர்முனைக்கே ரத்தம் கொண்டுபோய் ஏற்றினார். 1939-இல் சீனாவில், அறுவை சிகிச்சையின்போது விரலில் பட்ட வெட்டு விஷமேறி இறந்தார். இதையெல்லாம் எங்கள் டாக்டர் ஊசி போட்டுக்கொண்டே சொல்லுவார், வலி தெரியாது.

உங்களைக் கட்சியில் சேரச் சொல்லவில்லை. தொழில்நோயைக் கண்ட மருத்துவர் அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 89-ஆம் பிரிவிலேயே சொன்னது. பிசினோசிஸும் அந்தப் பட்டியலில் இருந்தது. அதனால், இருமலோடு வருகிறவரிடம் என்ன வேலை என்று கேளுங்கள். கேட்டதைச் சீட்டில் எழுதுங்கள்.

அப்பாவின் பழைய ஓ.பி. சீட்டுகள் ஒன்பது என்னிடம் இருக்கின்றன. ஒன்றில் மட்டும், எங்கள் டாக்டரின் சாய்ந்த கையெழுத்தில், "ப்ளோ ரூம், 14 வருஷம்" என்று இருக்கிறது.

அன்புடன்,
ஒரு மில் தொழிலாளியின் மகள்,
திருமங்கலம் வட்டம்