ஏழாம் வகுப்புப் பெற்றோருக்கு: நிறுத்தப்பட்ட நடனமும் ஓர் ஆற்றங்கரை ஊரும்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

ஆண்டு விழாவில் ஏழாம் வகுப்பு மாணவர்கள் ஆடுவதாக இருந்த ‘காட்டுவாசி நடனம்’ ஏன் நிறுத்தப்பட்டது என்று கேட்டு, சென்ற வாரம் உங்களில் பலர் என்னை நேரில் சந்தித்தீர்கள். உடைக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது, பிள்ளைகள் இரண்டு வாரமாக ஒத்திகை பார்த்துவிட்டார்கள், இப்போது வேண்டாம் என்றால் எப்படி என்ற உங்கள் வருத்தம் நியாயமானது. நிகழ்ச்சிப் பட்டியலில் அந்த நடனத்துக்கு ஒப்புதல் கையெழுத்திட்டதும் நான், பிறகு நிறுத்தியதும் நான் என்பதால், வகுப்பாசிரியரை யாரும் குறை சொல்ல வேண்டாம் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

ஒத்திகையை நான் தற்செயலாகத்தான் பார்த்தேன். முகத்தில் கரி, இடுப்பில் பச்சை நைலான் இலைகள், கையில் அட்டை ஈட்டி என்று பிள்ளைகள் வட்டமாகக் குதித்துக்கொண்டிருந்தார்கள். “இவங்க எந்த ஊர்க்காரங்க?” என்று கேட்டேன். “அமேசான் காடு மிஸ்” என்றான் ஒரு மாணவன். “என்ன சாப்பிடுவாங்க?” என்றதற்கு, “மனுஷங்களைத்தான் மிஸ்” என்று பின்வரிசையிலிருந்து பதில் வந்தது, கூடமே சிரித்தது. அந்தப் பிள்ளையிடம் எனக்குக் கோபம் இல்லை. நாம் காட்டியதைத்தானே அவன் கற்றுக்கொண்டான்? ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை என்று ஊர்ப் பெயரைச் சொன்னதுமே எதிரில் இருப்பவர் முகம் மாறுவதை வேலைக்கான நேர்காணலிலோ வாடகைக்கு வீடு தேடும்போதோ பார்த்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். திரையில் நம் பகுதிக்குக் கத்தியைத் தவிர வேறு அடையாளமே கிடையாதா என்று என்னிடம் நொந்துகொண்ட அப்பாக்களும் உண்டு. அந்த வலி தெரிந்த நாமே இன்னொரு ஊராருக்கு இதைச் செய்யலாமா என்று எனக்குப் பட்டது.

ஆகவே ஒத்திகைக்கு ஒதுக்கிய பாடவேளைகளில், கடந்த இரண்டு வாரமாக, பிரேசில் நாட்டின் அமேசோனாஸ் மாநிலத்தில் தெஃபே என்ற சிறு நகருக்கு அருகில் உள்ள மாமிராவா என்ற அமேசான் மழைக்காட்டின் ஆற்றங்கரை ஊர்களைப் பற்றிப் பிள்ளைகளும் நானும் சேர்ந்து படித்துவருகிறோம். அங்கே வாழ்பவர்கள் பெரும்பாலும் மீன்பிடிக் குடும்பங்கள். பழங்குடியினரும், பல தலைமுறைகளுக்கு முன் ரப்பர்ப் பால் எடுக்கவும் வேறு வேலைகளுக்கும் வந்து குடியேறியவர்களும் கலந்த மக்கள். இலையை யாரும் உடுத்துவதில்லை; நம் பிள்ளைகளைப் போலவே பனியனும் அரைக்கால் சட்டையும்தான்.

அந்தக் காட்டின் விசித்திரம், அது ஆண்டில் பல மாதங்கள் தண்ணீருக்குள் நிற்பதுதான். ஆற்று மட்டம் ஒரே ஆண்டுக்குள் 10 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. அதாவது நம் பள்ளிக் கட்டடத்தின் மூன்று மாடியும் முழுகும் அளவு. ஆகவே வீடுகளை உயரமான மரக்கால்களின் மேல் கட்டுகிறார்கள், அல்லது மிதக்கும் பெருங்கட்டைகளின் மேல் வீட்டையே மிதக்கவிடுகிறார்கள். கணக்கை மீறி வெள்ளம் வந்துவிட்டால் வீட்டுக்குள்ளேயே பலகையடித்துத் தரையை இன்னும் உயர்த்திக்கொண்டு, மாடுகளைத் தெப்பத்தில் கட்டிப்போட்டு, தண்ணீர் வடியும் வரை அப்படியே குடித்தனம் நடத்துகிறார்கள். பழுதான தோணி ஒன்றைக் கால்நட்டு மேலே தூக்கிவைத்து, அதில் மண் நிரப்பி வெங்காயத்தாளும் கீரையும் வளர்க்கும் படத்தைக் காட்டியபோது, “எங்க மொட்டைமாடியில அம்மா பழைய டப்பாவுல வெச்சிருக்காங்களே, அது மாதிரி” என்று ஒரு மாணவி சொன்னாள். மூழ்கிய மரங்களுக்கு இடையே மீன்கள் நீந்தி வந்து உதிரும் பழங்களையும் கொட்டைகளையும் தின்கின்றன. தம்பாக்கி என்ற மீனுக்குக் கொட்டையை உடைக்கக் கடைவாய்ப்பல் போன்ற பற்களே இருக்கின்றன.

கடலுக்குப் போகும் அப்பாக்கள் அடுத்த செய்தியைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். அங்கே பிரரூக்கு என்று ஒரு மீன் உண்டு. 2 மீட்டருக்கு மேல் வளரும், 100 கிலோவைத் தாண்டும், செதில் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம் இருக்கும். வெளியூர் வியாபாரத்துக்காக அளவில்லாமல் பிடித்ததில் அது அரிதாகிப்போகவே, 1996-இல் அமேசோனாஸ் மாநிலத்தில் அதைப் பிடிக்கத் தடை வந்தது. அதன் பிறகு மாமிராவா மீனவர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு வழி கண்டார்கள். இந்த மீன் சில நிமிடங்களுக்கு ஒரு முறை நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கியாக வேண்டும். ஏரியைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதியிலும் ஒரு மீனவர் தோணியில் அசையாமல் அமர்ந்து, 20 நிமிடம் மேலெழும் மீன்களை எண்ணுகிறார். தலை தெரிவது ஒரு நொடிதான். அது எழுப்பும் ஒலியையும் நீரில் விடும் சுழிப்பையும் வைத்தே இது பெரியது, இது குஞ்சு, இது முன்பு எண்ணியது என்று பிரித்தறிகிறார். வலைபோட்டுப் பிடித்துச் சரிபார்த்தபோது அவர்கள் சொன்ன கணக்கு பெரிதும் ஒத்துப்போனது. வளர்ந்த மீன்களில் அதிகபட்சம் 30 சதவீதம் வரைதான் பிடிக்க அனுமதி. 1999-இல் இப்படி முறைப்படுத்திய முதல் அறுவடை நடந்தது, மீனும் மீண்டும் பெருகியது. டிசம்பர் முதல் மே வரை அங்கே தடைக்காலம். திருட்டுத்தனமாகப் பிடிக்க வருபவர்களைத் தடுக்க ஊர்க்காரர்களே முறைவைத்து இரவில் ஏரியைக் காவல் காக்கிறார்கள்.

வன்னி, தெண்டி என்று நீரோட்டத்தைச் சொல்லும் உங்களுக்கும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகைக் கட்டிப்போட்டுவிட்டுக் கடனில் காலம் தள்ளும் குடும்பங்களுக்கும், இது எப்பேர்ப்பட்ட வேலை என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஈட்டியோடு குதிப்பவனாக நம் பிள்ளைகள் நடிக்கவிருந்த மனிதர், மீனை எண்ணும் இந்த மாமிராவா மீனவர்தான்.

உணவைப் பற்றி ஒத்திகையின்போது நான் கேட்ட கேள்விக்கும் விடை கிடைத்தது: மீனும் மரவள்ளிக்கிழங்கும். கசப்பு மரவள்ளியில் ஆளைக் கொல்லக்கூடிய நஞ்சு உண்டு. கிழங்கைத் துருவி, பின்னிய நீண்ட குழல் ஒன்றில் திணித்து, அதை உத்தரத்தில் தொங்கவிட்டுக் கீழ்முனையைப் பாரம் கட்டி இழுத்தால், குழல் இறுகி நஞ்சுச்சாறு சொட்டிவிடுகிறது. பிழிந்த மாவை அகன்ற வட்டச் சட்டியில் இட்டுக் கைவிடாமல் கிளறி வறுத்து, மாதக்கணக்கில் வைத்துச் சாப்பிடுகிறார்கள். சேலத்து ஜவ்வரிசியில் பாயசம் வைக்கும் நமக்கு அந்தக் கிழங்கைப் பயிராக்கித் தந்தவர்கள் தென் அமெரிக்க மக்கள்தான். அன்னாசி என்று நாம் சொல்லும் பெயரும் அந்தக் கண்டத்துப் பழங்குடி மொழியிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்ததே.

இப்படிச் சொல்வதால் அங்கே வாழ்க்கை சொர்க்கம் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது என்பதிலும் கவனமாக இருக்கிறோம். பாம்பு கடித்தால் மருந்து நகரத்து மருத்துவமனையில்தான். அது குளிர்பதனத்தில் வைக்க வேண்டிய மருந்து, படகுப் பயணமோ மணிக்கணக்கில். மலேரியா உண்டு. பல ஊர்களில் மின்சாரம் மாலையில் சில மணி நேரம் டீசல் இயந்திரம் ஓடும் வரைதான். மீனுக்கு ஐஸ்கூட நகரத்திலிருந்து படகில் வர வேண்டும். சுற்றிலும் உலகின் மிகப் பெரிய ஆறு ஓட, குடிக்க நல்ல தண்ணீருக்கு மழையை நம்பியிருக்கும் வீடுகள் உண்டு. தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை வைத்து வளர்ந்த எனக்கு அது நன்றாகவே புரிந்தது. மேல்வகுப்புகளுக்கு ஆசிரியர் கிடைக்காத ஊர்களுக்கு, 2007 முதல் மாநிலத் தலைநகர் மனாவுஸிலிருந்து செயற்கைக்கோள் வழியாக நேரலையில் பாடம் நடத்துகிறார்கள். நம் கல்வித் தொலைக்காட்சிக்குப் பன்னிரண்டு ஆண்டு மூத்த ஏற்பாடு.

மழையும் முன்பு போல இல்லை. மனாவுஸில் நீக்ரோ ஆற்றின் மட்டம் 2021 ஜூனில் 30 மீட்டரைத் தொட்டது. 2023 அக்டோபரில் 12.7 மீட்டருக்கு இறங்கியது. 1902-இல் அளவெடுக்கத் தொடங்கியதிலிருந்து அவ்வளவு தாழ்ந்ததில்லை. மறு ஆண்டே அதையும் விடத் தாழ்ந்தது. படகு ஒன்றே பாதை என்னும் ஊரில் ஆறு வற்றினால், பள்ளி, அரிசி, மருந்து மூன்றும் ஒரே நாளில் நின்றுபோகின்றன. 2023-இல் தெஃபே ஏரியின் நீர் 39 டிகிரிக்கு மேல் சூடேறி, நூற்றுக்கும் மேற்பட்ட ஓங்கில்கள் (டால்பின்கள்) செத்து மிதந்தன. அதே ஆண்டு டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, வலையும் படகும் கருத்து, நம் மீனை வாங்க ஆளில்லாமல் போனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இந்த இரண்டையும் ஒரே கரும்பலகையில் எழுதி வைத்தது பிள்ளைகள், நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆண்டு விழாவில் ஏழாம் வகுப்புக்கு ஒதுக்கிய பன்னிரண்டு நிமிடம் அப்படியே இருக்கிறது. மேடையில் நீலத் துணி விரித்து, பிரரூக்கு எண்ணும் ஏரியைப் பிள்ளைகள் நடத்திக்காட்டுவார்கள். நடனமும் உண்டு, அறுவடை முடிந்த இரவில் ஊர் கூடி ஆடுவதாக அமைத்திருக்கிறோம். வீட்டில் போடும் சாதாரண உடை போதும். முகத்துக்குக் கரி வேண்டாம்.

உடைக் கடைக்காரரிடம் பேசினேன். முன்பணத்தில் பாதியைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார். மீதிப் பாதியை என் பொறுப்பில் தருகிறேன். ரசீதைப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புங்கள். ரசீது தொலைந்திருந்தால் தொகையை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டால் போதும்.

அசையாத தோணியில் உட்காருவது எப்படி, நீரைப் பார்த்து மீனை அறிவது எப்படி என்று பிள்ளைகளுக்குக் காட்ட, கடலுக்குப் போகும் அப்பாக்கள், தாத்தாக்கள் நான்கைந்து பேர் வரும் வியாழக்கிழமை மாலை 3 மணிக்குப் பள்ளிக்கு வந்தால் பேருதவியாக இருக்கும். அன்றைக்கு மரவள்ளிக்கிழங்கு கொண்டுவர விரும்புவோர், தோலை முழுவதும் சீவி, நன்றாக வேகவைத்தே கொடுத்தனுப்புங்கள்; பச்சையாக வேண்டாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்