வாய்க்கணக்கில் வகுத்தல்: நான்காம் வகுப்புப் பெற்றோர் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம். நேற்று வகுப்பில் 84-ஐ 6 பேருக்குப் பங்கிடச் சொன்னேன். நோட்டில் எழுதிப் போடுவதில் பிள்ளைகள் கெட்டி. மனசுக்குள் போடச் சொன்னால் விரலைத் தேடுகிறார்கள். அதனால் இந்த மாதம் தினமும் வீட்டில் ஐந்து நிமிடம் வாய்க்கணக்கு, சரியா?

84-ஐ முழுசாக விழுங்க வேண்டாம். 60, 24 என்று பிரித்தால் 10-உம் 4-உம், விடை 14. எட்டால் வகுக்க மூன்று முறை பாதியாக்கினால் போதும்: 96, 48, 24, 12. 85-ஐ ஐந்தால் வகுக்க, இரட்டித்து 170 ஆக்கி, கடைசிச் சைபரை எடுத்துவிட்டால் 17.

மீதி வந்தால்தான் தகராறு. அதற்கு நம் சேலத்து மாம்பழத்தை விட நல்ல பாடம் இல்லை: 50 பழம், 6 வீடு, வீட்டுக்கு 8, மீதி 2. (அந்த இரண்டும் யாருக்கு என்ற சண்டைக்கு நான் பொறுப்பில்லை.) ஏற்காடு போகிறவர்கள் மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் விடாதீர்கள். 17-ஆவது வளைவில், "மூன்றால் வகுத்தால் மீதி என்ன?" என்று கேளுங்கள். தலைசுற்றும் பிள்ளையை மட்டும் விட்டுவிடலாம்.

தப்பாகச் சொன்னால் உடனே திருத்தாமல், "எப்படிப் போட்டாய்?" என்று கேளுங்கள். பல நேரம் அவர்களே பிடித்துவிடுவார்கள். 6, 7, 8 வாய்ப்பாட்டில் தடுமாறினால் முதலில் அதைப் பாருங்கள்.

அப்புறம், சந்தேகங்களை மாலை 5 மணிக்கு மேல் குரல் பதிவாக அனுப்பலாம். குட் மார்னிங் படங்கள் மட்டும் வேண்டாமே.

– வகுப்பாசிரியை