ஆண்டறிக்கை: மோர்ட்டார் மேடைகள்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கூட்டங்கள் முறைப்படி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆண்டு முழுக்க நம் பேச்சு மோர்ட்டாரை, அதாவது குண்டை உயரத் தூக்கி எறியும் குட்டைப் பீரங்கியை, நிறுத்திச் சுடும் மேடையைச் சுற்றியே ஓடியதால் இந்த அறிக்கையும் அதைப் பற்றியதுதான்.

குண்டுகள் ஒரே பக்கமாக ஒதுங்கி விழுந்தபோது பழி குழாயின் மேல் விழுந்தது. குற்றம் மேடையில் இருந்தது. நம்மிடம் இருப்பவை 1674-இல் மென்னோ வான் கூஹோர்ன் கொண்டுவந்த சிறுரக மோர்ட்டாரின் வழிவந்த நகல்கள். குழாயின் ஏற்றக் கோணம் 45 பாகை. அந்த ஏற்றத்தில் முன்பின்னாக ஒரு பாகை பிசகினால் 90 மீட்டர் தூரத்தில் வித்தியாசம் சில சென்டிமீட்டர்தான். அதே ஒரு பாகை பக்கவாட்டில் சாய்ந்தால் குண்டு தாழ்ந்த பக்கமாக ஒன்றரை மீட்டருக்கு மேல் விலகும். குழாயைத் தாங்கும் மரக்கட்டையே அடிக்கட்டை; 30 செ.மீ. அகல அடிக்கட்டையில் ஒரு பாகை என்பது 5 மி.மீ. அடியில் சிக்கிய ஒரு ஜல்லிக்கல் போதும். ஆகவே ரசமட்டத்தைப் பலகைமேல் வைத்துத் திருப்தியடைய வேண்டாம்; குழாயின் இரு புறமும் நீட்டி நின்று அடிக்கட்டையில் அமரும் அச்சுமுளைகளுக்குக் குறுக்கே வைத்துப் பாருங்கள்.

மேடை போடும்போது மேல்மண்ணை வழித்தெடுத்து, 10 செ.மீ. ஜல்லியைத் திமிசு போட்டு இறுக்கிய பிறகே ஸ்லீப்பர் கட்டைகள். அவை சுடும் திசையில். மேலே 5 செ.மீ. கனப் பலகைகள் குறுக்கே. திருகுத் தலைகள் உள்ளே புதைய வேண்டும், இல்லையேல் பின்னே சறுக்கும் அடிக்கட்டை அதில் இடறித் திரும்பிவிடும். 45 பாகையில் உதைப்பு கீழ்நோக்கியும் பின்னோக்கியும் சமமாக வரும். அச்சுமுளை தரையிலிருந்து 20 செ.மீ. உயரம் என்றால் உதைப்பின் கோடு 20 செ.மீ. பின்னால் தரையைத் தொடும். அடிக்கட்டை அதையும் தாண்டி நீளவில்லை என்றால் மூக்கு தூக்கும்.

ரப்பர் விரிப்பு வேண்டாம், துள்ளும். சறுக்காமல் ஆணியடித்து முடக்குவதும் தவறு: நகர முடியாத உதைப்பு முழுவதையும் அச்சுமுளைக் குழியும் போல்ட்டுகளும் தாங்கி, கட்டை நார்வழியே பிளக்கும். 1864-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் பீட்டர்ஸ்பர்க் முற்றுகையில் 13 அங்குல மோர்ட்டாரை ரயில் வண்டியில் ஏற்றினார்கள்; அங்கே சுடும்போது வண்டியே தண்டவாளத்தில் பின்னே ஓடியது. நமக்கு ஒரு சாண் சறுக்கல் போதும். அதற்கப்பால் தடுப்புக்கட்டை.

அடிக்கட்டைகளின் வெட்டுமுகங்களில்தான் வெடிப்பு தொடங்குகிறது. அடுத்த கூட்டத்துக்குள் அங்கே இரண்டு பூச்சு ஆளி விதை எண்ணெய் ஏற வேண்டும். தூரிகைகள் சங்க அறையில் உள்ளன.

செயலாளர்