வண்டியில் காத்திருக்கும் மகளுக்கு

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள செல்விக்கு,

அப்பலாச்சியன் பாதையில் நடந்துகொண்டிருக்கும் மாப்பிள்ளை வர்ஜீனியா மாநிலத்துக்குள் நுழைந்துவிட்டார் என்று அவர் அனுப்பிய படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. சிக்னல் இருந்திருக்காது.

அமெரிக்காவின் கிழக்கு மலைகளில் போகும் அந்த நடைபாதை 3,500 கிலோமீட்டர், 14 மாநிலங்கள். அவர் நடக்க, நீ அடுப்பும் படுக்கையும் உள்ள வீட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போய் அங்கங்கே காத்திருக்கிறாய். அதில் கால்வாசி வர்ஜீனியாதான். நடப்பவருக்கு அலுப்புத் தட்டும் இடம் அது. அங்கேதான் "பையை வண்டியில் போட்டுவிட்டு லேசாக நடக்கிறேன்" என்பார். நடக்கட்டும். ஆனால் மழைச் சட்டை, தலைவிளக்கு, ஒரு கம்பளிச் சட்டை, தண்ணீர் வடிகட்டி, மறுநாள் காலை வரைக்கும் சாப்பாடு, இவை இல்லாமல் அனுப்பாதே. உன் வண்டி பஞ்சரானால் அவருக்கு ராத்திரி காட்டில்தான்.

சந்திக்கும் இடத்தைத் தாளில் எழுதி ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள்: சாலை எண், பாதையின் மைல் கணக்கு, நேரம். அங்கே சந்திக்க முடியாவிட்டால் அடுத்து எந்தச் சாலை, அதுவும் தவறினால் மறுநாள் காலை எங்கே, இதையும் எழுதுங்கள். தகவல் சொல்லாமல் யாரும் இடம் மாறக்கூடாது. மலையில் மணிக்கு 3 கிலோமீட்டர் என்று கணக்குப் போடு. 25 கிலோமீட்டர் என்றால் எட்டு, ஒன்பது மணி நேரம் ஆகிவிடும். உனக்கு அதுவே மலையைச் சுற்றி 60, 70 கிலோமீட்டர் ஆகலாம்.

அவர் வந்ததும் உப்புப் போட்ட மோரைக் கொடு, பிறகு சோறு. முழங்கால் மடிப்பிலும் இடுப்பிலும் உண்ணி இருக்கிறதா என்று தினமும் பார். இருந்தால் இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழு. எண்ணெய் வைக்காதே, சூடு காட்டாதே. லைம் என்ற தொற்று நோய் உண்ணிக் கடியிலிருந்துதான் வருகிறது. ஷூ 800 கிலோமீட்டருக்குள் தேய்ந்துவிடும். கால் வீங்குவதால் அடுத்த ஜோடியை அரை அளவு பெரிதாக வாங்கு.

வண்டி ஓடும்போது கேஸ் சிலிண்டர் வால்வு மூடியே இருக்கட்டும். புரொப்பேன் காற்றைவிடக் கனம், தரையில் தேங்கும். வாடை வந்தால் சுவிட்சைத் தொடாதே, கதவைத் திறந்து கீழே இறங்கு. குளிருக்காக அடுப்பைப் பற்றவைத்துத் தூங்கிவிடாதே.

கூரையில் இருக்கும் ஏசியையும் சேர்த்து வண்டியின் உயரத்தை அள. வர்ஜீனியாவில் ஷெனாண்டோவா தேசியப் பூங்காவின் ஸ்கைலைன் சாலையில் உள்ள சுரங்கத்தின் உயரம் 12 அடி 8 அங்குலம்தான். கடைசியில் மெய்ன் மாநிலத்தில், பாதை முடியும் கட்டாடின் மலை இருக்கும் பாக்ஸ்டர் பூங்காவுக்குள் 9 அடிக்கு மேல் உயரமான வண்டியை விடமாட்டார்கள். அந்த நாளுக்கு வேறு வண்டி இப்போதே பேசி வை.

ராத்திரி வண்டியை நிறுத்தும்போது முகப்பு சாலையைப் பார்த்து இருக்கட்டும். ஓட்டுநர் இருக்கையில் துணி, பாத்திரம் எதுவும் கூடாது. சாவி எப்போதும் ஒரே இடத்தில். மனசுக்குச் சரியாகப் படாவிட்டால் கீழே இறங்கிப் பார்க்காதே, வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பு. சாவி ஒரே இடத்தில், மறக்காதே.

அத்தனை பெரிய வண்டியை மலையில் நீ தனியாக ஓட்டுகிறாய் என்று அம்மா தெருவெல்லாம் சொல்கிறாள். இன்றைக்கு எங்கே இருக்கிறாள் என்று அவர்கள் கேட்டால் பதில் சொல்ல முடியவில்லை. மாப்பிள்ளை வராவிட்டால் தேட நீ இருக்கிறாய். நீ வராவிட்டால் அவருக்குத் தெரியவே மறுநாள் ஆகும். எங்களுக்கு எப்போது தெரியும்?

சிக்னல் இல்லாத இடத்திலிருந்தும் செய்தி அனுப்ப அவர் வைத்திருக்கும் சாட்டிலைட் கருவி போல வண்டிக்கும் ஒன்று வாங்கு. உன் கணக்கில் பணம் போட்டிருக்கிறேன், திருப்பி அனுப்பாதே. அடர்ந்த மரத்தடியில் செய்தி போகத் தாமதமாகும், வானம் தெரியும் இடத்தில் வை. அங்கே இரவு 9 என்றால் இங்கே காலை 6.30, அம்மா கோலம் போட்டு முடித்திருப்பாள். அந்த நேரத்துக்கு நிற்கும் இடத்தை மட்டும் அனுப்பு. ஒரு வார்த்தைகூட எழுத வேண்டாம். என் எண்ணோடு தம்பி எண்ணையும் அதில் சேர்த்துவிடு.

அப்பா