பிராட்கேட் டிரில் ஹால்

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கிலாந்தில் உங்கள் லிங்கன் நகரத்தில், பிராட்கேட் சாலையில் கோட்டை மாதிரி முகப்போடு நிற்கிறதே டிரில் ஹால், அதாவது கவாத்துக் கூடம், அதைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நர்ஸாக இருக்கிற நீ அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அம்மா.

1859-இல் பிரெஞ்சுப் படை வந்துவிடுமோ என்ற பயத்தில் இங்கிலாந்து முழுக்க ஊருக்கு ஊர் தொண்டர் படை சேர்த்தார்கள். பகலில் கடை, பட்டறை என்று அவரவர் பிழைப்பு. வேலை முடிந்ததும் கவாத்து. மழைக்கும் பனிக்கும் ஒதுங்கிப் பயிற்சி செய்ய ஒரு கூரை வேண்டுமே. லிங்கனில் அந்தச் செலவை ஏற்றுக்கொண்டவர் ஜோசப் ரஸ்டன், நீராவி இயந்திரத் தொழிற்சாலை முதலாளி. 1890-இல் ஹால் திறந்தது.

பதினைந்து வருஷம் ஆவதற்குள் கவாத்து நடந்த தரையில் நோயாளிகளின் கட்டில்கள் வரிசையாக வந்துவிட்டன. 1904 கடைசியில் ஊருக்குள் டைபாய்டு. ஆயிரம் பேருக்கு மேல் படுத்தார்கள், நூறு பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள். காரணம், குழாயில் வந்த ஆற்றுத் தண்ணீர். மணல் வடிகட்டி கிருமியைத் தடுக்கவில்லை. 1905 பிப்ரவரியில் டாக்டர் அலெக்சாண்டர் ஹூஸ்டன் வந்து தண்ணீரில் குளோரின் கரைசலைத் தொடர்ந்து கலக்க ஏற்பாடு செய்தார். ஊர்க் குடிநீருக்கு இடைவிடாமல் குளோரின் போடும் வழக்கம் பிரிட்டனில் தொடங்கியது அங்கேதான்.

குடிநீர் வாரியத்தில் இருந்தபோது அப்பா கடைக்கோடித் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து, சோதனைக் குழாயில் ஊற்றி, மருந்துச் சொட்டு விட்டுப் பார்ப்பேன், ஞாபகம் இருக்கிறதா? மஞ்சள் வந்தால் குளோரின் அதுவரை எட்டியிருக்கிறது என்று அர்த்தம். அந்த மஞ்சளுக்கு உங்கள் ஊரில் ஒரு தொடக்கம் இருக்கிறது என்று படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் முதல் உலகப் போர். ஊர்ப் பையன்களின் படைப்பிரிவு பிரான்சுக்குப் போனது. 1915 அக்டோபர் 13 அன்று ஜெர்மானியரின் ஹோஹென்சோலர்ன் அரணைத் தாக்கியபோது ஒரே மத்தியானத்தில் ஏகப்பட்ட பேரை இழந்தது. பின்னாளில், 2004-இல், ஹால் கலை அரங்கமாகத் திறந்தது. கவாத்தையும் கச்சேரியையும் விட, கட்டில்கள் கிடந்த அந்த மாதங்கள்தான் அந்தக் கட்டடத்துக்குப் பெருமை என்பேன்.

லிங்கன்காரர்கள் ஆற்றுத் தண்ணீரை விட்டுவிட்டு, பக்கத்து நாட்டிங்காம்ஷரில் எல்க்ஸ்லி என்ற ஊரில் கிணறு தோண்டி, 1911-இல் வீட்டுக்கு வீடு நல்ல தண்ணீர் கொண்டுவந்தார்கள். வெஸ்ட்கேட்டில் நிற்கும் பெரிய தண்ணீர்த் தொட்டிக் கோபுரம் அப்போது கட்டியதுதான். லீவு நாளில் போய்ப் பார்த்து, நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா