பாஸ் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை விடுமுறைக்கு ஐரோப்பா செல்லும் குடும்பங்கள் பல, பல நாட்டு ரயில்களில் பயணிக்க உதவும் யூரெயில் பாஸ் வாங்கியதும் வேலை முடிந்ததென்று இருந்துவிடுகின்றன. ஆனால் பிரான்சின் டிஜிவி, யூரோஸ்டார், இத்தாலியின் ஃப்ரெச்சாரோசா ஆகிய அதிவேக ரயில்களில் இருக்கை முன்பதிவு கட்டாயம். அதற்குத் தனிக் கட்டணம். டிஜிவி, யூரோஸ்டாரில் பாஸ்காரர்களுக்கு ஒதுக்கும் இடங்களோ கொஞ்சம்தான். 4 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்குப் பாஸ் இலவசம் (ஒரு பெரியவருடன் இருவர் வரை), ஆனால் பெரியவருக்கு வாங்கும்போதே சேர்த்து எடுக்க வேண்டும். முன்பதிவுக் கட்டணத்திலிருந்து அவர்களும் தப்ப முடியாது. ஜெர்மனிக்குள் ஐசிஇ அதிவேக ரயிலில் பொதுவாக முன்பதிவு கட்டாயமில்லை. குடும்பமாகச் சேர்ந்து உட்கார வேண்டுமானால் பதிவு செய்வதே நல்லது. கைப்பேசிப் பாஸில் அன்றைய பயணத்தை ஏறும் முன்பே சேர்த்துவிடுங்கள். சில ரயில்கள் வழியில் இரண்டாகப் பிரியும். பெட்டி எண் பார்த்து ஏறுங்கள்.

ஒரு வாசகர், கோவை