பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் வந்த சர்க்கரை நோய்க் கட்டுரை, ‘குடும்பத்தின் ஆதரவு அவசியம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. எந்த ஆதரவு என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரி. முதலில் சர்க்கரை வந்தது என் கணவருக்கு. அன்றிலிருந்து வீட்டில் எல்லாருக்குமே சோறு குறைந்து காய் கூடியது. வேளாவேளைக்கு மாத்திரையும் தண்ணீருமாகப் போய் நிற்பேன். நாலு வருடம் கழித்து எனக்கு வந்தபோது கிடைத்தது உபதேசம்தான். இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டால் மகன், “அம்மா, சுகர்!” என்பான். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வாங்கி வருபவனும் அவன்தான். கடைசியில் எல்லாரும் படுத்தபிறகு அடுப்படியில் நின்றபடியே தின்னப் பழகினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். மூன்று மாதச் சராசரி பார்க்கும் ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுத்துவிட்டது. விசேஷ வீட்டில் கதை தலைகீழ். “ஒரு நாள்தானே, சாப்பிடு” என்று கேட்காமலே இலையில் ஜாங்கிரி விழும்.

இன்சுலின் ஊசி ஆரம்பித்தபோது, அந்த மருந்தைக் குளிர்ச்சியில் வைக்க எங்களிடம் ஃபிரிட்ஜ் இல்லை. பக்கத்துப் போர்ஷன் அக்கா, “முட்டைக்குப் பக்கத்துல வெச்சுட்டுப் போ” என்றார். அவ்வளவுதான், ஒரு நாளும் புத்தி சொன்னதில்லை. ஒரு மதியம் தையல் மிஷினில் இருந்தபோது குப்பென்று வியர்த்து, நூல் கோக்க முடியாமல் கை நடுங்கியது. குளுக்கோமீட்டரில் 54, சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டது. “சுகர்காரங்களுக்கு இனிப்புத் தரலாமா?” என்று மருமகள் தயங்கி நின்றாள். அக்காதான் ஓடிவந்து மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கவைத்துக் கால் மணி நேரம் கூடவே உட்கார்ந்திருந்தார். திரும்பப் பார்த்தபோது 82.

வைத்தியத்துக்கு எங்கள் பக்கம் பஞ்சமில்லை. டாக்டர் எம். விசுவநாதன் 1948-லேயே ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோய்க்குத் தனிப் பிரிவு தொடங்கினார், 1954-இல் ராயபுரத்தில் அவர் தொடங்கிய பொது மருத்துவமனை 1971-இல் சர்க்கரை நோய்க்கென்றே ஆனது. 2021-இல் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் மாத்திரை வாசலுக்கே வருகிறது. கால் கடுக்க வரிசையில் நிற்க வேண்டியதில்லை, அதுவும் ஒரு ஆதரவுதான். ஆனால் யார் வந்தாலும் என்னிடம் மட்டுமே பேசிவிட்டுப் போகிறார்கள். இன்சுலின் எழுதித்தரும் அன்றே வீட்டு ஆட்களையும், முக்கியமாக ஆம்பிளைகளை, கூப்பிட்டு உட்காரவைத்து, சர்க்கரை இறங்கினால் என்ன செய்வது என்று சொல்லித்தர வேண்டும்.

மூன்று ஸ்பூன் கணக்கை மருமகள் அக்காவிடம் கற்றுக்கொண்டாள். மகன் இன்னும் கேட்கவில்லை.

ஒரு வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை